அளந்திருக்கக்கூடிய நஞ்சு

1991 வளைகுடாப் போருக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர்கள் ஏறக்குறைய 6,97,000 பேர். தரைப்போர் நூறு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஊர் திரும்பியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைத் தீராத சோர்வு, மூட்டுவலி, நினைவுத் தடுமாற்றம், வயிற்றுக் கோளாறு, தோல் தடிப்பு என்று பல உபாதைகள் ஆண்டுக்கணக்கில் விடாமல் பற்றிக்கொண்டன. வளைகுடாப் போர் நோய் என்று பின்னாளில் பெயர் பெற்ற இந்தத் துன்பத்துக்குக் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டவை பல: எரிந்த எண்ணெய்க் கிணறுகளின் புகை, நரம்பு வாயுவுக்கு முன்காப்பாகக் கொடுத்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, முகாம்களில் தெளித்த பூச்சிமருந்து, வெடிவைத்துத் தகர்த்த கிடங்கிலிருந்து பரவிய சாரின் நரம்பு வாயு, அடுக்கடுக்காகப் போட்ட தடுப்பூசிகள், டாங்கிக் குண்டுகளில் இருந்த செறிவு குறைந்த யுரேனியம். இந்த வரிசையில் கடைசியாக நிற்பதுதான் படைவீரர் மனத்தில் மிகப் பெரிய அச்சத்தை விதைத்தது. உடலுக்குள் போனதா இல்லையா என்பதைப் பல்லாண்டுகள் கழித்தும் ஆய்வகத்தில் உறுதிசெய்ய வழியுள்ளதும் இவற்றுள் அது ஒன்றுதான். பூச்சிமருந்தும் சாரினும் மாத்திரையும் குறுகிய காலத்தில் உடலைவிட்டு மறைந்துவிடுகின்றன. நுரையீரலில் தங்கிய யுரேனியம் இருபது ஆண்டுக்குப் பிறகும் சிறுநீரில் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. எளிதில் அளக்கக்கூடிய நஞ்சைப் பற்றித்தான் முப்பது ஆண்டுகள் சண்டை நடந்தது என்பது விந்தை. இந்தக் கட்டுரையின் வாதம் அந்த விந்தையிலிருந்து பிறக்கிறது. யுரேனியம்தான் எங்கள் நோய்க்குக் காரணம் என்று படைவீரர்கள் பலர் சொன்னதைச் சான்றுகள் ஏற்கவில்லை. எங்களை எதற்கு ஆளாக்கினார்கள் என்று சொல்லவில்லை, உரிய நேரத்தில் சோதிக்கவும் இல்லை என்று அவர்கள் சொன்னதைச் சான்றுகள் முழுமையாக உறுதிசெய்கின்றன. இந்த இரண்டையும் ஒரே வழக்காகக் கட்டியதால் இரண்டுக்குமே நியாயம் கிடைக்கவில்லை.

பொருளை முதலில் பார்ப்போம். இயற்கை யுரேனியத்தில் பிளவுறும் தன்மையுள்ள யுரேனியம்-235 சுமார் 0.7 சதவீதம்தான்; எஞ்சியது கிட்டத்தட்ட முழுவதும் யுரேனியம்-238. அணு உலைக்கும் அணுகுண்டுக்கும் 235-இன் பங்கை உயர்த்துகிறார்கள். அப்படி உயர்த்தியபின் மிஞ்சும் கழிவில் அது சுமார் 0.2 சதவீதமாக இறங்கிவிடுகிறது. அந்தக் கழிவே செறிவு குறைந்த யுரேனியம். இயற்கை யுரேனியத்தின் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் இதற்கு உண்டு. கென்டக்கி, ஒஹாயோ, டென்னசி மாநிலங்களில் இந்தக் கழிவு ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. ஈயத்தைவிட 1.7 மடங்கு அடர்த்தியான ஓர் உலோகம், கிட்டத்தட்ட இலவசமாக. ராணுவப் பொறியாளர்களின் கண் அதில் விழுந்ததில் வியப்பில்லை. யுரேனியத் தண்டு கவசத்தில் பாயும்போது அதன் முனை மழுங்குவதில்லை. விளிம்புகள் உதிர உதிரக் கூர்மை புதுப்பிக்கப்படுகிறது. உதிர்ந்த துகள்கள் காற்றில் தாமாகவே பற்றி எரிந்து, டாங்கிக்குள் இருக்கும் எரிபொருளையும் வெடிமருந்தையும் கொளுத்திவிடுகின்றன. போட்டிப் பொருளான டங்ஸ்டனுக்கு இந்த இரண்டு குணங்களும் இல்லை, விலையும் அதிகம். ஏ-10 விமானத்தின் 30 மில்லிமீட்டர் குண்டு ஒவ்வொன்றிலும் சுமார் 300 கிராம், ஏப்ரம்ஸ் டாங்கியின் 120 மில்லிமீட்டர் குண்டில் நான்கு கிலோவுக்கு மேல் யுரேனியம். 1991 போரில் அமெரிக்கப் படைகள் இப்படிச் சுட்டது ஏறத்தாழ 300 டன். பிரிட்டன் சுட்டது ஒரு டன்னுக்கும் குறைவு.

ஆபத்து தொடங்குவது குண்டு இலக்கில் மோதும் அந்தக் கணத்தில். கனமான கவசத்தில் மோதும் தண்டில் 10 முதல் 35 சதவீதம் வரை எரிந்து நுண்ணிய கறுப்புத் தூளாகிறது. அந்தத் தூள் யுரேனிய ஆக்சைடு. நீரில் எளிதில் கரையாதது. அதில் ஒரு பகுதி நுரையீரலின் ஆழம்வரை இறங்கும் அளவுக்குப் பொடியானது. தோலுக்கு வெளியே இருக்கும்வரை யுரேனியம் பெரிய தீங்கு செய்வதில்லை. அது உமிழும் ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். உள்ளே போனால் நிலைமை வேறு. இரத்தத்தில் கலந்த யுரேனியத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நாளில் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. அப்படி வெளியேற்றும் வேலையிலேயே சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பாதிக்கப்படலாம். ஈயத்தைப் போல இதுவும் ஒரு கன உலோக நஞ்சு என்பதைக் கதிரியக்கம் பற்றிய கூச்சல் பல நேரம் மறைத்துவிட்டது. கரையாத தூளோ நுரையீரலிலும் அதையொட்டிய நிணநீர்க் கணுக்களிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி, சுற்றியுள்ள சில செல்களை மட்டும் திரும்பத் திரும்பத் தாக்குகிறது. எனவே இது வலுவற்ற கதிரியக்கப் பொருள் என்ற அதிகாரிகளின் பதிலும், 450 கோடி ஆண்டு அரைவாழ்வு கொண்டது என்ற எதிர்ப்பாளர்களின் பதற்றமும் ஒரே அளவுக்குக் குறி தவறியவை. அரைவாழ்வு நீள நீளக் கதிரியக்கம் மெதுவாகும். அந்த எண் தன்னளவில் அச்சத்துக்குக் காரணமாகாது. எவ்வளவு தூளை ஒருவர் சுவாசித்தார் என்பதே கேள்வி.

இயற்கையிலேயே எங்கும் யுரேனியம் உண்டே, நாம் எல்லோரும் தினமும் தின்று குடிக்கிறோமே என்ற வாதம் இங்கே வரும். உண்மைதான். சராசரி மனித உடலில் சுமார் 90 மைக்ரோகிராம் யுரேனியம் எப்போதும் இருக்கிறது. உணவில் வருவதில் 95 சதவீதத்துக்கு மேல் குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடுகிறது. ஆனால் குண்டு பாய்ந்த டாங்கிக்குள் சில நிமிடங்கள் இருந்தவர் மில்லிகிராம் கணக்கில், அதாவது ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம்களை, நேராக நுரையீரலுக்குள் இழுத்திருக்கக்கூடும். மண்ணில் உள்ள யுரேனியத்தைக் காட்டி அவருக்கு ஆறுதல் சொல்வது பொருந்தாது. அதேபோல, பத்து கிலோமீட்டர் தள்ளிக் கூடாரத்தில் சமைத்துக்கொண்டிருந்தவரை அந்த டாங்கிக்குள் இருந்தவரோடு ஒன்றாக வைத்து அச்சுறுத்துவதும் பொருந்தாது.

போருக்கு முன்பே ராணுவத்துக்கு என்ன தெரியும் என்பதுதான் இந்த வரலாற்றில் மனத்தை உறுத்தும் பகுதி. 1990 ஜூலையில், சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைவதற்குச் சில வாரங்கள் முன்பு, அமெரிக்கத் தரைப்படையின் ஆயுதப் பிரிவுக்காகத் தயாரான ஓர் ஒப்பந்த நிறுவன அறிக்கை போர்க்களத்தில் வீரர்கள் யுரேனியத் தூளைச் சுவாசிக்க நேரலாம் என்றது. போர் முடிந்தபின் உள்ளூர் மக்களும் படைவீரர்களும் உடல்நலக் கவலைகளை எழுப்பக்கூடும் என்றும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை களத்துக்குப் போகவில்லை. 1991 மார்ச் முதல் தேதி, போர் ஓய்ந்த மறுநாள், லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஒரு லெப்டினன்ட் கர்னல் எழுதிய குறிப்பு இன்று பொதுவெளியில் இருக்கிறது. யுரேனியக் குண்டுகளின் சுற்றுச்சூழல் விளைவு பற்றிய கவலை அவற்றை அரசியல்ரீதியாகப் பயன்படுத்த முடியாதவையாக ஆக்கிவிடலாம், ஆகவே அவற்றின் திறனை எடுத்துரைத்து ஆயுதப் பட்டியலில் தக்கவைக்க வேண்டும், போருக்குப் பிந்தைய அறிக்கைகளை எழுதும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். கவலையின் உண்மை நிலையை ஆராய்வதற்கு முன்பே அதன் அரசியல் விளைவு கணக்கில் எடுக்கப்பட்டது. படைவீரர்கள் அரசின் அறிக்கைகளை நம்ப மறுத்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

அந்தப் போரில் யுரேனியக் குண்டுகளிடம் மிக நெருக்கமாகச் சிக்கியவர்கள் ஈராக்கியர்கள், அடுத்தபடியாக அமெரிக்கர்களே. இருட்டிலும் மணல் புழுதியிலும் அமெரிக்க டாங்கிகள் தங்கள் தரப்பு ஏப்ரம்ஸ் டாங்கிகளையும் பிராட்லி வண்டிகளையும் எதிரியென்று எண்ணிச் சுட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் அந்த வண்டிகளுக்குள்ளோ மேலோ இருந்து உயிர் தப்பினார்கள். சிலருடைய தசைக்குள் யுரேனியச் சில்லுகள் இன்றும் இருக்கின்றன. சேதமான வண்டிகளை இழுத்துவந்து பிரித்துச் சுத்தம் செய்யும் வேலை நியூ ஜெர்சியைச் சேர்ந்த தேசியக் காவல்படைப் பிரிவு ஒன்றிடம் வந்தது. அவற்றில் யுரேனியத் தூள் படிந்திருப்பது தெரியாமலே, முகமூடியோ கையுறையோ இல்லாமல், அவர்கள் வாரக்கணக்கில் வேலை செய்தார்கள். 1991 ஜூலை 11 அன்று குவைத்தின் தோஹா முகாமில் வெடிமருந்து வண்டியொன்று தீப்பிடித்து, அறுநூற்றுக்கும் மேற்பட்ட யுரேனிய டாங்கிக் குண்டுகள் தீக்கு இரையாயின. அடுத்து வந்த நாட்களில் வீரர்கள் இடிபாடுகளைப் பெருக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1993 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே, யுரேனிய மாசைக் கையாளத் தரைப்படை போதிய ஆயத்தம் செய்யவில்லை என்பதுதான். எதிர்ப்பாளர்கள் எழுதிய துண்டறிக்கையில் வந்திருந்தால் இதை மிகை என்று ஒதுக்கியிருப்பார்கள். அரசின் தணிக்கையாளர்களே எழுதியதை ஒதுக்க முடியவில்லை.

சோதனை என்று சொல்வது பெரிய ரகசியமான வித்தை அல்ல. இயற்கை யுரேனியத்தில் ஒரு 235 அணுவுக்கு 138 என்ற கணக்கில் 238 அணுக்கள் இருக்கும். செறிவு குறைந்ததில் அது 500 வாக்கில் போய்விடும். போதாததற்கு, அணு உலையில் ஒருமுறை எரிந்து மறுசுழற்சிக்கு வந்த யுரேனியம் கலந்திருப்பதால், இயற்கையில் ஏறக்குறைய இல்லாத யுரேனியம்-236 இதில் சுவடாக இருக்கிறது. இந்த விகிதங்களைச் சிறுநீரில் பார்த்தால் உடலில் உள்ள யுரேனியம் கிணற்றுத் தண்ணீரிலிருந்து வந்ததா, டாங்கிக் குண்டிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். கைரேகை போன்ற இந்த அடையாளம் வேறெந்தப் போர்க்கள நஞ்சுக்கும் வாய்க்கவில்லை. 1991 வசந்த காலத்திலேயே, குண்டடிபட்ட வண்டிகளில் இருந்தவர்கள், மீட்கப் போனவர்கள், வண்டிகளைக் கழுவியவர்கள், தோஹாவில் பெருக்கியவர்கள் ஆகியோரின் ஒரு நாள் சிறுநீரைச் சேகரித்து உறையவைத்திருந்தாலே போதும். அன்றைய கருவிகள் இன்றைய அளவுக்கு நுட்பமானவை அல்ல என்ற மறுப்பு சரி. ஆனால் சம்பவம் நடந்து சில வாரங்களுக்குள் சிறுநீரில் இருந்திருக்கக்கூடிய அளவைக் காண இன்றைய நுட்பம் தேவையே இல்லை. அணு ஆலைத் தொழிலாளர்களிடம் அந்தச் சோதனை அதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே வழக்கமாக நடந்துவந்தது. தொழிற்சாலையில் யுரேனியத்தைத் தொட்டவருக்கு இருந்த பாதுகாப்பு, அதே யுரேனியத்தால் சுடப்பட்டவருக்கு இல்லாமல் போனது.

தாமதமாகத் தொடங்கிய கண்காணிப்பு வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பால்டிமோரில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனை 1993-இல் 33 பேரோடு ஆரம்பித்த திட்டம், மருத்துவர் மெலிசா மெக்டியார்மிட் தலைமையில் ஏறத்தாழ எண்பது பேராக விரிந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவர்களை வரவழைத்துச் சோதித்துவருகிறது. உடலில் சில்லுகள் உள்ளவர்களின் சிறுநீரில் யுரேனிய அளவு கால் நூற்றாண்டுக்குப் பிறகும் மிக உயர்ந்தே இருக்கிறது. சிலருடைய விந்துவிலும் அது தென்பட்டது. இவ்வளவு இருந்தும் அவர்களிடம் சிறுநீரகச் செயலிழப்போ, இந்த உலோகத்தைச் சுட்டிக்காட்டும் புற்றுநோய்களோ, பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகளோ காணப்படவில்லை. சிறுநீரக நுண்குழாய்களிலும் எலும்பிலும் நுட்பமான சில மாற்றங்கள் மட்டும் அவ்வப்போது தென்பட்டன. இது எளிதில் தள்ளிவிடக்கூடிய முடிவல்ல. மிக அதிகமாக ஆட்பட்டவர்களே முப்பது ஆண்டுகளாக இந்த அளவில்தான் இருக்கிறார்கள் என்றால், பல கிலோமீட்டர் தள்ளி நின்றவரின் மூட்டுவலிக்கு இதே உலோகத்தைக் குற்றஞ்சாட்டுவது கடினம். ஆனால் எண்பது பேர் என்பது சிறிய கூட்டம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் புற்றுநோயின் விகிதம் இரட்டிப்பாகியிருந்தாலும் எண்பது பேரிடம் அது கண்ணில் படாது. அதே உலோகத் துண்டுகளை எலிகளின் தசையில் பதித்து 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பெரிய துண்டுகளைச் சுற்றிப் புற்றுக்கட்டிகள் தோன்றின. எலியின் உடல் மனித உடலல்ல. இருந்தாலும் எண்பது பேரையும் வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்கக் காரணம் அதில் இருக்கிறது.

பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2001-லும் 2002-லும் வெளியிட்ட இரண்டு அறிக்கைகளையே இந்த விஷயத்தில் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பெரும்பாலான வீரர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. கூடவே, குண்டு பாய்ந்த வண்டிக்குள் தப்பியவர்கள், அப்படிப்பட்ட வண்டிகளைச் சுத்தம் செய்வதையே நீண்ட காலம் வேலையாகக் கொண்டவர்கள் போன்ற சிலருக்கு, மிக மோசமான அனுமானங்களின்படி நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இரட்டிப்பாகவும் சிறுநீரகம் பாதிக்கப்படவும் கூடும் என்றும் மறைக்காமல் சொல்கின்றன. பின்னர் அமெரிக்கத் தரைப்படையே டாங்கிகள்மீது யுரேனியக் குண்டுகளைச் சுட்டு, உள்ளே எழுந்த தூளை அளந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டது. பாதுகாப்புத் துறை வீரர்களை மூன்று படிநிலைகளாகப் பிரித்திருந்தது: அடிபட்ட வண்டியில் இருந்தவரும் உடனே மீட்கப் புகுந்தவரும் முதல் நிலை, பின்னர் அவற்றில் வேலை செய்தவர் இரண்டாம் நிலை, புகை வீசிய திசையில் நின்றவரும் நினைவுப்பொருள் தேடி எரிந்த டாங்கிக்குள் எட்டிப்பார்த்தவரும் மூன்றாம் நிலை. இந்தப் பாகுபாட்டை 1991-லேயே செய்து, ஒவ்வொருவரையும் எந்த நிலையில் இருக்கிறார் என்று அழைத்துச் சொல்லியிருந்தால், மூன்றாம் நிலையில் நின்ற லட்சக்கணக்கானவர்களின் அச்சம் வேர்விட்டிருக்காது. முதல் நிலையில் இருந்த நூற்றுச் சிலரின் உரிமை லட்சங்களின் கூச்சலில் கரைந்தும் போயிருக்காது.

வளைகுடாப் போர் நோய்க்கு யுரேனியம் காரணமா என்ற கேள்விக்கு என் கணிப்பில் விடை வந்துவிட்டது. 2021-இல் வெளியான ஆய்வில், ராண்டல் பாரிஷ், ராபர்ட் ஹேலி என்ற ஆய்வாளர்கள் 154 அமெரிக்க முன்னாள் வீரர்களின் சிறுநீரை மிக நுட்பமான நிறமாலைமானியில் சோதித்தார்கள். நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஐசோடோப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. செறிவு குறைந்த யுரேனியத்தின் தடயமும் இல்லை. முப்பது ஆண்டில் எல்லாம் கழுவிப்போயிருக்கும் என்று படைவீரர் தரப்பு எழுப்பக்கூடிய மறுப்புக்கு விடை, நியூயார்க் மாநிலத்தின் கொலனி என்ற இடத்தில் ஏற்கெனவே இருந்தது. அங்கே யுரேனியப் பொருட்கள் செய்த தொழிற்சாலை 1984-இல் மூடப்பட்டது. இருபது ஆண்டுக்குப் பிறகு பாரிஷ் குழு சோதித்தபோது, முன்னாள் தொழிலாளர்களிடமும் அக்கம்பக்கத்தில் குடியிருந்த சிலரிடமும் தடயம் அப்படியே இருந்தது. தூளைச் சுவாசித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் என்று நிரூபணமான கருவி, சுவாசித்ததாக நம்பியவர்களிடம் எதையும் காட்டவில்லை. நானூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களிடம் முன்னரே நடந்த சோதனையும் இதையே சொன்னது. 2003 ஈராக் போருக்குப் பிறகு சோதிக்கப்பட்ட பெருந்தொகையான அமெரிக்க வீரர்களில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் மட்டுமே அடையாளம் தென்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் உடலில் சில்லு பட்டவர்கள். மறுபுறம், சாரின் வாயு பற்றிய சந்தேகம் வலுப்பெற்றுவந்தது. சாரினைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் மரபணுவின் வலுவற்ற வடிவம் உள்ளவர்களுக்கு, நரம்பு வாயு எச்சரிக்கை மணி ஒலித்த இடங்களில் இருந்திருந்தால் நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஹேலி குழு 2022-இல் காட்டியது. ஈராக்கின் கமிசியா ஆயுதக் கிடங்கு தகர்க்கப்பட்டபோது அங்கே சாரின் இருந்தது என்பதைப் பென்டகன் ஒப்புக்கொண்டதே 1996-இல்தான். யுரேனியத்தைச் சுற்றியே ஆண்டுக்கணக்கில் வாதாடியதில், உண்மையான சந்தேகநபர் கூட்டத்தோடு நின்று தப்பித்துக்கொண்டிருந்தார் என்றால் மிகையில்லை.

இதைச் சொன்னால் இத்தாலியைக் காட்டுவார்கள். நேட்டோ யுரேனியக் குண்டுகள் சுட்ட போஸ்னியாவிலும் கொசோவோவிலும் பணியாற்றிய இத்தாலிய வீரர்களிடையே புற்றுநோய்கள் வந்ததாக 2000-இன் இறுதியில் எழுந்த கொந்தளிப்பு, ஐரோப்பா முழுவதும் பரவியது. அரசு நியமித்த மண்டெல்லி குழு ஆராய்ந்ததில், மொத்தப் புற்றுநோய் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய் மட்டும் கூடுதலாக இருந்தது. உடல்தகுதி பார்த்து எடுக்கப்படுவதால் படைவீரர்களிடம் நோய் பொதுவாகக் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே மொத்த எண்ணிக்கை குறைந்தது ஆறுதலுக்குரியதல்ல என்பது சரியான வாதம். ஹாட்ஜ்கின் புற்றுநோய் கூடியதற்கு யுரேனியம் காரணமென்று மட்டும் அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அணுகுண்டு வீச்சில் தப்பியவர்களிடம் பல பத்தாண்டுகள் நடந்த ஆய்வுகளில்கூடக் கதிரியக்கத்தோடு இந்தப் புற்றுநோய்க்கு வலுவான தொடர்பு தெரியவில்லை. இத்தாலிய நீதிமன்றங்கள் பல வழக்குகளில் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கின. அவற்றை அறிவியல் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் தவறு, உணர்ச்சிவசப்பட்ட தீர்ப்பென்று தள்ளுவதும் தவறு. ஆபத்து தெரிந்தும் வீரர்களை எச்சரிக்காத அரசு, சந்தேகத்தின் விலையைத் தானே சுமக்க வேண்டும் என்ற சட்ட நியாயம் அவற்றில் இருக்கிறது.

அந்த நியாயத்தை அமெரிக்கச் சட்டமும் அறியும். படைவீரரின் கோரிக்கையில் இருபுறச் சான்றும் சம எடையில் நின்றால் சந்தேகத்தின் பலனை அவருக்கே தரவேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. வியட்நாமில் காலடி வைத்தவர் எவரும் ஏஜன்ட் ஆரஞ்சு களைக்கொல்லிக்கு ஆளானவராகவே கருதப்படுவார் என்ற சட்டம் கையெழுத்தானது 1991 பிப்ரவரி 6 அன்று, குவைத் வானில் போர் விமானங்கள் பறந்துகொண்டிருந்த அதே வாரத்தில். ஒரு போரின் பாடம் ஏட்டில் ஏறிய நாளிலேயே அடுத்த போரில் அது மறக்கப்பட்டது. 1994-இல் காரணம் தெரியாத வளைகுடா நோய்களுக்கும் இழப்பீடு தரச் சட்டம் வந்தது; ஆனால் 2011 முதல் 2015 வரை அப்படி வந்த கோரிக்கைகளில் 17 சதவீதம்தான் ஏற்கப்பட்டன, மற்ற கோரிக்கைகளின் ஏற்பு விகிதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. யுரேனியத்துக்கும் வியட்நாம் பாணியில் எல்லோரையும் ஆளானவர்களாகக் கருதும் விதி வேண்டும் என்று சில படைவீரர் அமைப்புகள் கேட்பதை நான் ஏற்கவில்லை. இங்கே அளக்க முடியும். அளக்க முடிகிற இடத்தில் அனுமானத்துக்கு வேலையில்லை. முதல் இரண்டு நிலைகளில் இருந்தவர்கள் விஷயத்தில் மட்டும் இது மாறுகிறது. அவர்களை உரிய காலத்தில் அளக்காமல் விட்டது அரசு. அவர்களில் ஒருவருக்குச் சிறுநீரக நோயோ நுரையீரல் புற்றுநோயோ எலும்புப் புற்றுநோயோ வந்தால், யுரேனியம் காரணமல்ல என்று நிரூபிக்கும் சுமை அரசின் தோளில்தான் இருக்கவேண்டும். இப்படிச் செய்தால் செலவு கட்டுக்கடங்காமல் போகும் என்ற பயத்துக்கு இடமில்லை. அவர்கள் சில நூறு பேர், பெரும்பாலோருடைய பெயரும் ராணுவத்தின் ஏட்டிலேயே இருக்கும்.

சான்று எதுவும் இல்லை என்ற அரசு வாசகம் இங்கே இரண்டு வேறு நிலைகளை ஒரே போர்வைக்குள் மறைக்கிறது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2000-லும் 2008-லும் வெளியிட்ட மதிப்பீடுகள், பெரும்பாலான நோய்கள் விஷயத்தில் தொடர்பு உண்டென்றும் இல்லையென்றும் சொல்லச் சான்று போதவில்லை என்றே வகைப்படுத்தின. தேடிப் பார்த்து இல்லையென்று கண்டது வேறு, தேடாததால் கையில் ஒன்றும் இல்லாதது வேறு. பாரிஷ் ஆய்வு முதல் வகை. ஈராக் மக்களைப் பற்றி வந்த அறிவிப்புகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. பஸ்ராவிலும் ஃபல்லூஜாவிலும் பிறவிக் குறைபாடுகளும் குழந்தைப் புற்றுநோய்களும் பெருகிவிட்டன என்று அங்குள்ள மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு ஈராக் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வீட்டுக் கணக்கெடுப்பு, வழக்கத்துக்கு மாறான அளவில் குறைபாடுகள் இல்லை என்றது. தாய்மார்களின் நினைவை நம்பி எடுத்த கணக்கு அது. மருத்துவமனைப் பதிவேடுகளோடு ஒப்பிடவில்லை என்று வல்லுநர்கள் குறைசொன்னார்கள். யுரேனியத்தோடு உள்ள தொடர்பைத் தேடுவதற்காக அது வடிவமைக்கப்படவே இல்லை. மருத்துவர்கள் சொன்ன பெருக்கமும் அதனால் நிரூபணமாகிவிடவில்லை. பொருளாதாரத் தடை, ஊட்டக்குறைவு, குப்பையை எரித்த குழிகள், சிதைந்த குடிநீர் எல்லாம் அதே ஆண்டுகளில் அதே மக்கள்மீது விழுந்தன. இவற்றைப் பிரித்தறிய எந்த இடத்தில் எவ்வளவு சுட்டார்கள் என்ற தகவல்தான் முதல் தேவை.

பால்கனில் அந்தத் தகவல் கிடைத்ததால் என்ன நடந்தது என்று பார்க்கலாம். நேட்டோ இலக்குகளின் விவரத்தைத் தந்தபிறகு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கொசோவோ, செர்பியா-மான்டநீக்ரோ, போஸ்னியா என்று மூன்று ஆய்வுகளை 2001 முதல் 2003-க்குள் முடித்தது. பெரும்பாலான இடங்களில் மாசு குண்டு விழுந்த இடத்தைச் சுற்றிச் சில மீட்டரோடு நின்றிருந்தது. பரவலான ஆபத்து இல்லை என்று மக்களிடம் சொல்ல முடிந்தது. ஆனால் போஸ்னியாவின் ஹாட்ஜிச்சியில், குண்டு விழுந்து ஏழு ஆண்டுக்குப் பிறகும் நிலத்தடி நீரில் தடயமும், டாங்கி பழுதுபார்க்கும் கட்டடங்களுக்குள் காற்றில் தூளும் இருப்பதை அதே ஆய்வு கண்டது. அளவு குறைவுதான்; ஆயினும் அந்த நீரைத் தொடர்ந்து சோதிக்கவும் கட்டடங்களைச் சுத்தம் செய்யவும் குறிப்பாகச் சொல்ல முடிந்தது. அச்சத்தைத் தணித்ததும், கவனம் தேவைப்பட்ட இடத்தைக் காட்டியதும் ஒரே வரைபடம்தான்.

ஈராக்குக்கு அந்த வரைபடம் முழுமையாகக் கிடைக்கவில்லை. 2003-இல் தான் சுட்ட சுமார் 1.9 டன்னின் விவரத்தைப் பிரிட்டன் தந்தது. அமெரிக்கத் தகவல், அந்நாட்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே ஆய்வாளர்கள் கைக்கு வந்து, 2016-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாக்ஸ் அமைப்பு அதை வெளியிட்டது: ஏ-10 விமானங்களின் 1,116 தாக்குதல்கள், அவற்றில் ஏறத்தாழ 1,81,000 யுரேனியக் குண்டுகள். இந்தக் குண்டுகள் கவச வண்டிகளுக்கு மட்டுமே என்று அமெரிக்க விமானப்படையின் 1975 சட்ட ஆய்வு சொல்லியிருந்தும், இலக்குகளில் கார்களும் லாரிகளும் கட்டடங்களும் இருந்தன. 2010-இல் ஐ.நா. பொதுச்சபை, பயன்படுத்திய நாடுகள் கேட்கப்படும்போது இடவிவரம் தர வேண்டும் என்று கோரியது. 2012-இல் முன்னெச்சரிக்கை அணுகுமுறையை வலியுறுத்திய தீர்மானத்துக்கு 155 நாடுகள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல். தீங்கு நிரூபணமாகவில்லை என்பதே அவற்றின் வாதம். தீங்கு இல்லை என்று உறுதியாக நம்புகிறவர்கள் வரைபடத்தைக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் கிடையாது.

2023 மார்ச்சில் சேலஞ்சர் டாங்கிகளோடு பிரிட்டனும், செப்டம்பரில் ஏப்ரம்ஸ் டாங்கிகளுக்காக அமெரிக்காவும் இதே வகைக் குண்டுகளை உக்ரைனுக்குத் தருவதாக அறிவித்தன; ரஷ்யாவிடமும் இவை உண்டு. இப்போது கருவி இருக்கிறது, விகிதம் தெரியும், யாரைச் சோதிக்க வேண்டும் என்ற படிநிலையும் தெரியும். போருக்குப் போகுமுன் ஒவ்வொரு டாங்கி வீரரின் சிறுநீர் மாதிரியையும் எடுத்துவைப்பது, வண்டி அடிபட்டால் உயிர் தப்பியவரிடமும் மீட்டவரிடமும் இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடுப்பது, ஒவ்வொரு குண்டும் விழுந்த இடத்தைக் குறித்துவைத்துப் போர் முடிந்ததும் உள்ளூர் நிர்வாகத்திடம் ஒப்படைப்பது ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு டாங்கியின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். ஈராக்கில் நசிரியா, சமாவா, பஸ்ரா சுற்றுப்புறங்களில் எரிந்த வண்டிகளைப் பிரித்து இரும்பு விற்றவர்களும் அவற்றின் மேல் ஏறி விளையாடி இன்று நடுவயதை நெருங்குகிறவர்களும் இரண்டாம், மூன்றாம் நிலைக்குரியவர்கள். அமெரிக்க வீரர் 154 பேருக்குச் செய்த அதே சோதனையை அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இன்றே செய்யலாம். கொலனியில் இருபது ஆண்டுக்குப் பிறகு பேசிய சிறுநீர், பஸ்ராவிலும் பேசும்.